மாலைதீவாரோடு எங்கள் வழக்கு

உதைபந்தாட்ட அபிமானிகளிலே சிலர் பிரேசிலுக்கும் சிலர் ஜெர்மனிக்கும் தம் இருதயத்தைத் தத்தம் செய்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறார்கள். சொந்த நாடான இலங்கையின் அணியைத் தவிர வேறோர் அணியை மனத்தாலும் தீண்டுவதில்லை என்று விரதம் பூண்ட என்னைப் போன்ற பதுளைவாசிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மாலைதீவுடன் அடுத்த ஆட்டம் என்ற செய்தி எந்த மூலையிலிருந்து வந்தாலும் சரி, அந்தக் கணமே நான் சரித்திராசிரியனாகி, பழைய பத்திரிகைத் துண்டுகளை எடுத்து விரித்துவிடுகிறேன்.

மாலைதீவு மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். இந்தியாவிடம் தோற்றால் அது ஒரு மகா தேசத்திடம் தோற்ற கௌரவமான தோல்வி; மேலும், 1995ஆம் ஆண்டிலே கொழும்பில் அதே இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தவர்கள் நாம் என்ற நினைவு, எந்தத் தோல்வியின் மீதும் தடவிக்கொள்ளத்தக்க சஞ்சீவி. மாலைதீவின் விஷயம் அப்படியன்று. ஏறக்குறைய 1,200 தீவுகளைக் கூட்டிப் பார்த்தாலும் அங்குள்ள ஜனத்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி எங்கள் பதுளை மாவட்டத்தில் மட்டுமே எட்டு லட்சத்துக்கு மேல். பசறையையும் பண்டாரவளையையும் அப்புத்தளையையும் சேர்த்துக்கொண்டு நாங்களே ஒரு நாடாகப் பிரிந்திருந்தால்கூட அவர்களைவிடப் பெரிய நாடு!

அப்படியிருந்தும் நாம் அவர்களிடம் தோற்பதற்கு நான் ஒரு சாஸ்திரீய காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். கடல்மட்டத்துக்கு மேலே அதிகம் உயராத அந்தத் தேசத்திலே, இறைவன் தன் கையாலேயே மைதானத்தைச் சமன் செய்து கொடுத்திருக்கிறான். நமுனுகுல மலையைப் பார்த்து வளரும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளோ, ஒரு கோல்கம்பம் ஸ்டோரை நோக்கி மேட்டிலும் மற்றது லயத்தை நோக்கிப் பள்ளத்திலும் நிற்கும் மைதானத்திலே பயின்றவர்கள். இடைவேளைக்கு முன் எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அதுவே ஆட்டத்தின் முடிவு. பந்து கானில் விழுந்து உருண்டால், கொழுந்து எடுக்கும் பெண்களின் வசவோடுதான் திரும்பி வரும்.

சரித்திரத்துக்கு வருவோம். 2008ஆம் ஆண்டு தெற்காசியப் போட்டியை நாமும் மாலைதீவாரும் கூட்டாக நடத்தினோம். விருந்துக்குக் கூட்டாளியாக வந்தவர்கள் அரையிறுதியில் நம்மையே 1-0 என்று வீழ்த்திவிட்டு, கொழும்பிலே வைத்தே கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். 2013இல் காத்மாண்டுவில் நடந்ததை நான் விஸ்தரிக்கப் போவதில்லை. பத்துக்குப் பூச்சியம். அதிலே ஆறு கோல்களை அலி அஷ்பாக் என்ற ஒரே மனிதர் அடித்தார். அன்றிரவு, இனி என் வீட்டுச் சம்பலிலே மாலைதீவு மாசி சேரக்கூடாது என்று நான் பிரகடனம் செய்தேன். "இது மாத்தறை மாசிங்க, சும்மா சாப்பிடுங்க" என்றாள் மனைவி. அந்தப் பகிஷ்காரம் அத்துடன் வெற்றிகரமாக நிறைவேறியது.

2021இல் கொழும்பிலே 4-4. நமது நான்கு கோல்களையும் பெர்லினிலே பிறந்த வசீம் ராசிக் அடித்தார். நான்கு கோல் அடித்தும் வெல்லாமல் திரும்புவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்; அதை நம் பின்வரிசை வழங்கியது.

ஆனால் நான் உயிருள்ளவரை வாதாடப் போகும் வழக்கு 2018ஆம் ஆண்டினுடையது. டாக்காவிலே நடந்த தெற்காசியப் போட்டியில் இந்தியா, மாலைதீவு, இலங்கை மூன்றும் ஒரே பிரிவு. இந்தியா நம்மை 2-0 என்று வென்றது. மாலைதீவையும் 2-0 என்றே வென்றது. நாமும் மாலைதீவாரும் மோதியபோது இரு தரப்பும் கோலே அடிக்கவில்லை. புள்ளிகள் சமம், அடித்த கோல் சமம், வாங்கிய கோல் சமம். சித்திரகுப்தனே வந்து பேரேட்டைப் புரட்டினாலும் ஒரு புள்ளி வேற்றுமை காணாத அந்நிலையில், ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள். அது மாலைதீவின் பக்கம் விழுந்தது. ஒரு வெற்றியுமின்றி, ஒரு கோலுமின்றி அரையிறுதிக்குள் நுழைந்த அந்தப் புண்ணியவான்கள் நேபாளத்தை 3-0 என்றும், இறுதியில் இந்தியாவை 2-1 என்றும் வென்று சாம்பியன்கள் ஆனார்கள்!

சாம்பியனுக்கு எல்லா விதத்திலும் சமமாக நின்றவன் பாதிச் சாம்பியன் அல்லவா? பதுளை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையிலே இந்த வாதத்தை நான் எழுப்பியபோது, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், சாயத்தை ஒரு மிடறு உறிஞ்சிவிட்டு, "தம்பி, அந்தக் காசு நம்ம பக்கம் விழுந்திருந்தா, அரையிறுதியில நேபாளம் நம்மள அடிச்சிருக்கும். கிண்ணம் எப்படியும் நமக்கு இல்ல" என்றார். ஐம்பது வருஷம் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதியவரோடு கணக்கிலே தர்க்கிக்க முடியுமா? ஆனால் மனிதர் அத்துடன் விடவில்லை. அடுத்த முறை மாலைதீவோடு சமநிலை வந்தால் காசு சுண்டும்போது நம் தரப்பில் நிற்பதற்குத் தாம் தயார் என்றும், இரவு தபால் ரயிலுக்கு இரண்டாம் வகுப்பு டிக்கெட்டை மட்டும் உதைபந்தாட்டச் சம்மேளனம் எடுத்துக் கொடுத்தால் போதும் என்றும் சொல்லி, அதற்கு ஒரு மனு எழுதித் தரும்படி என்னையே கேட்டுக்கொண்டார். மனு தயாராகிவிட்டது, மூன்றாம் வகுப்பென்றால் அவர் சம்மதிப்பாரா என்பது ஒன்றுதான் பாக்கி.