கனமான அடாப்டர்

கனமாக இருந்தால் நல்ல சாமான். எங்கள் வீட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை இதுதான்.

ஓர் இடிமழையில் மோடத்தின் அடாப்டர் போய்விட்டது. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்றில் பொடி எழுத்தில் என்னென்னவோ அச்சடித்திருந்தது. இன்னொன்று மொட்டையாக, ஆனால் கனமாக இருந்தது. தேங்காய் வாங்குகிறவன் மாதிரி கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுத்தேன். விலையும் பாதி. நாமக்கல் பஸ்ஸில் என்னைவிட விவரமான ஆள் டிரைவர் மட்டும்தான்.

என்னை மட்டும் குறை சொல்லாதீர்கள். அந்தக் காலத்து அடாப்டருக்குள் இரும்புத் தகடு அடுக்கிய டிரான்ஸ்பார்மர் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டுக்கு அவ்வளவு இரும்பு வேண்டும். இப்போது பல்லாயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் ஓடும் கட்டைவிரல் சைஸ் ஃபெரைட் போதும், எடை குறைந்துவிட்டது. என் அறிவுதான் 1990-களிலேயே நின்றுவிட்டது.

மோடத்தைத் தொட்டால் சுருக்கென்றது. "ஏங்க, மோடம் கடிக்குது" என்றாள் மனைவி. "எர்த் சரியில்லை" என்றேன், ஈ.பி. ஏ.இ. தோரணையில். பத்தாவது படிக்கும் மகள் அடாப்டரைத் திருப்பிக் காட்டினாள். "ரெண்டு பின்தானேப்பா இருக்கு, எர்த் எங்க?"

தெரு எலக்ட்ரீஷியன் தம்பி உடைத்துப் பார்த்தார். போர்டில் 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே குறைந்தது 5 மி.மீ. இடைவெளி வேண்டுமாம். அதில் நூல் நுழையும் அளவுதான் இருந்தது. டிரான்ஸ்பார்மரின் இரண்டு சுருளுக்கும் நடுவிலுள்ள இன்சுலேஷன் 3,000 வோல்ட்டை ஒரு நிமிஷம் தாங்க வேண்டுமாம். இங்கே ஒரே சுற்று மஞ்சள் டேப். ஒய் கிளாஸ் கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ சாதா சரக்கு. கசிவு 0.25 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்கிற விதியை அது கேள்விப்பட்டிருக்காது. மூலையில் ஒரு இரும்புத் துண்டு வேறு ஒட்டியிருந்தது. "இது எதுக்கு தம்பி?" "வெயிட்டுக்குங்ண்ணா."

நான் காசு கொடுத்தது அதற்குத்தான்.

வேண்டாமென்று வைத்த அடாப்டரின் பொடி எழுத்து என்னவென்று அப்புறம் தெரிந்தது: ஐ.எஸ். 13252 பகுதி 1, கூடவே 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண். 2012-இல் வந்த கட்டாயப் பதிவு ஆணையில் பின்னால் அடாப்டரும் சேர்ந்துகொண்டது. பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் எண்ணைத் தட்டினால் யார் பெயரில் பதிவு என்று காட்டிவிடும். இத்தனை நாளும் என் போனில் குட்மார்னிங் படம்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் அடாப்டரைக் கவிழ்த்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, எண்ணைத் தட்டுகிறேன். நாமக்கல்லில் ஒரு கடைக்காரர் என்னை ஏதோ ஆபீசர் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார். இல்லையென்று சொல்லியிருக்கலாம். டீ நன்றாக இருந்தது.