பரேடும் பரோட்டாவும்

கே: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் என்.சி.சி.யில் சேர அடம்பிடிக்கிறான். படிப்பு கெட்டுவிடாதா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

ப: வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை, பெல்ட்டின் பித்தளையை பிராசோ போட்டுத் தேய்க்கும் அழகைப் பார்க்க வேண்டாமா அம்மா? 1948-இல் தொடங்கிய படை இது. பள்ளியில் 2 ஆண்டு பயிற்சி முடித்தால் 'ஏ' சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். கல்லூரியிலும் தொடர்ந்து 'சி' சான்றிதழ் வாங்கிவிட்டால், எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரிக்கான நேர்காணலுக்குப் போகத் தனி வழி உண்டு. பையனுக்கு இதெல்லாம் தெரியுமா என்பது சந்தேகமே. பரேடு முடிந்ததும் கிடைக்கும் பரோட்டாவைப் பற்றி நிச்சயம் தெரிந்திருக்கும்! படிப்பைக் கெடுக்க செல்போன் ஒன்றே போதும். தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.