லவ்கிராஃப்ட் கதைகளை ஓதும் முறை: ஓர் ஆய்வு

திகில் கதையாசிரியர் எச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937) கதைகளை எந்த வரிசையில் படிப்பது? இதில் மூன்று கொள்கையினர் உளர். எழுதிய வரிசை என்பார் ஒரு சாரார். அச்சான வரிசை என்பார் இன்னொரு சாரார். கையில் அகப்பட்டதே முதற்கதை என்பார் மூன்றாமவர், பெரும்பான்மையர் இவரே.

முதலிருவரும் முட்டிக்கொள்ளும் இடம் பிக்மேன் என்னும் ஓவியர். ‘பிக்மேனின் மாடல்’ கதையில் காணாமற்போகும் இவர், ‘கடாத்’ கனவுப் பயணக் குறுநாவலில் பிணந்தின்னியாகத் தலைகாட்டுகிறார். இரண்டும் 1926–27இல் அடுத்தடுத்து எழுதப்பட்டவை. ஆனால் முன்னது 1927இலும் பின்னது ஆசிரியர் இறந்தபின் 1943இலும் அச்சேறின. அச்சு வரிசையார் பிக்மேனைத் தேடிப் பதினாறு ஆண்டு அலைய வேண்டும்.

கதைகளை இணைப்பவை பாத்திரங்களோ எனின், அல்ல. இணைப்பது ‘நெக்ரோனோமிகான்’ என்னும் இல்லாத நூல். அதன் ஆசிரியரான பித்தர் அப்துல் அல்ஹஸ்ரெட் 1921இலேயே ஒரு கதையில் வந்துவிட்டார். நூலின் பெயரோ 1922இல் எழுதிய ‘வேட்டைநாய்’ கதையில்தான் வருகிறது. புத்தகம் வருமுன்பே எழுத்தாளராகிவிடுவது நம் காலத்துப் புதுமையன்று என்பது இதனாற் பெறப்படும்.

1927இல் அந்நூலுக்கு வரலாறே எழுதினார் லவ்கிராஃப்ட். பிரதிகள் பிரிட்டிஷ் மியூசியத்திலும் ஹார்வர்டிலும் இருப்பதாகச் சொல்லி, அவற்றின் வரிசையில் தம் கற்பனையான மிஸ்கடானிக் பல்கலைக்கழகத்தையும் உட்காரவைத்தார். ‘டன்விச் திகில்’ கதையில் அங்கே நூலைத் திருடப் புகுந்தவனைக் காவல்நாய் கடித்தே கொன்றுவிடுகிறது. நண்பர்களும் தத்தம் கதைகளில் அந்நூலை மேற்கோள் காட்டினர். அப்படியொரு நூல் உண்டா என்று வாசகர்கள் அவருக்கே கடிதம் எழுதினர்.

ஆகவே எக்கதையையும் முதலில் படிக்கலாம். எல்லாமே ஒரே நூலுக்கு எழுதிய அடிக்குறிப்புகள்.

இதற்குப் புறனடை ஒன்றுண்டு. இளைஞர் ராபர்ட் பிளாக் 1935இல் லவ்கிராஃப்டைப் போன்ற பாத்திரம் ஒன்றை, அவர் அனுமதியோடே, தம் கதையில் கொன்றார். லவ்கிராஃப்ட் 1936இல் அச்சான ‘இருளில் உலவுவது’ கதையில் ராபர்ட் பிளேக் என்பவரைக் கொன்று கணக்கைத் தீர்த்தார். பிளாக் 1950இல் அதற்குத் தொடர்ச்சி எழுதினார். இம்மூன்றை மட்டும் வரிசையாகவே ஓதுக. கொலைக்கு முன் பழிவாங்கல் முறையன்று.

முடிபு: மேற்கோள் காட்டுவோர் பெருகப் பெருக, மூலநூல் இருந்தாக வேண்டிய கட்டாயம் குறைகிறது. இம்முறையை லவ்கிராஃப்ட் திகிலுக்குப் பயன்படுத்தினார். ஆய்வுலகம் பதவி உயர்வுக்குப் பயன்படுத்துகிறது.