புல்லுக்குப் பெரட்டு

கெடாவில் சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய் பக்கம் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஒரு கார்னர் லாட் வீட்டில் இவர் இருப்பார். முழங்கால்வரை சுருட்டிய காக்கிக் கால்சட்டை, தலையில் துண்டு, கையில் ரப்பர் குழாய். ரப்பர் தோட்டத்து முன்னாள் மண்டோர். பெயர் என்னவோ ஒன்று இருக்கிறது. ஆனால் தாமான் முழுக்க அவர் மண்டோர்தான், மருமகனுக்கும்கூட.

வேலையில் இருந்த காலமெல்லாம் இவர் சம்பளம் வாங்கியது புல்லைக் கொல்வதற்கு. மரத்தடியில் லாலான் தலைகாட்டினால் துரை கிராணியை ஏசுவார், கிராணி மண்டோரை ஏசுவார். மண்டோர் யாரை ஏசினார் என்பதை மருந்து பம்பு தூக்கிய பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்போது அடித்த மருந்து பாராகுவாட். அரசாங்கம் 2002இல் தடை என்றது, 2006இல் பரவாயில்லை அடியுங்கள் என்றது, 2020 ஜனவரி முதல் தேதியோடு அடியோடு நிறுத்தியது. அதற்குள் எத்தனையோ பெண்களுக்கு விரல்நகம் கழன்றுவிட்டது. அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் இவர் குழாயை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஓய்வு பெற்று இபிஎப் பணம் வந்ததும் முதல் காரியமாக ஒரு லாரி மண்ணும் கௌ கிராஸ் பத்தைகளும் இறக்கினார். அகல இலைப் புல். துரை பங்களா முன்னால் விரித்திருந்த அதே ரகம். அந்தப் பச்சையை அவர் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறார். பங்களாவில் வேலை என்றால் பின்கட்டு வழியாகத்தான் போக வேண்டும். இப்போது வருகிறவர்களிடம் தரையைக் காட்டி, "நானும் ஹார்வர்டில படிச்சவன்தான்" என்பார். வந்தவர் அமெரிக்காவை நினைத்து மிரண்டு நிற்க, கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, "பீடோங் ஹார்வர்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி" என்று முடிப்பார்.

கெடாவில் இந்த ஆசைக்குச் செலவு ஜாஸ்தி. வடகிழக்குப் பருவமழை கிளந்தானை மூழ்கடிக்கும். நடுவில் தித்திவாங்சா மலை நிற்பதால் நம் பக்கம் வருவது மிச்சம் மீதிதான். தைப்பூசக் காவடி இறங்கியதும் வெயில் ஏறும். ரப்பர் மரமே இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். பக்கத்துப் பெர்லிஸில், சூப்பிங்கில், 1998 ஏப்ரல் 9ஆம் தேதி 40.1 டிகிரி அடித்தது. கௌ கிராஸுக்கு வேர் மேலாக ஓடும். நிழலும் ஈரமும் இருக்கும்வரை ராஜா மாதிரி இருக்கும். செம்மண் சூடேறினால் ஓரத்திலிருந்து சருகாகிக்கொண்டே வரும்.

ஆகவே விடியுமுன் பெரட்டு, தோட்டத்தில் ஆள் எண்ணுவதுபோல. டார்ச் லைட்டோடு குனிந்து போவார். ஒரு கொத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார், வேர் பிடித்திருந்தால் தட்டிக்கொடுப்பார், கையோடு வந்துவிட்டால், "நேத்துக்கூட நல்லாத்தானே இருந்த?" என்று அதையே விசாரிப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து 555 நோட்டு வெளியே வரும். மளிகைக்கடைப் பாக்கி எழுதும் அதே குட்டி நோட்டு. 'மேற்கு ஓரம் ஆள் இல்லை. கேட் பக்கம் பாதிப் பேர்.'

குழாயில் காற்று மட்டும் வருகிற நாட்கள் பிப்ரவரியில் உண்டு. அப்போது அரிசி களைந்த தண்ணி, துணி அலசிய கடைசித் தண்ணி எல்லாம் வாளி வாளியாகப் புல்லுக்குப் போகும். மனைவி பொறுமையானவர்தான். ஆனாலும் ஒருநாள் கேட்டுவிட்டார்: "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ரெண்டு நாள் கழிச்சுத்தானேங்க கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

இத்தனை பாடுபட்டு வளர்த்த புல்லில் யாரும் கால் வைக்கக் கூடாது. கோலாலம்பூரிலிருந்து வரும் பேரன் பந்தோடு சிமெண்டுத் தரையில் நிற்பான். தீபாவளிக்குப் பந்தல் ரோட்டில். விருந்தாளிகள் தாரில் நாற்காலி போட்டுச் சாப்பிட, பக்கத்தில் புல் பச்சையாகச் சும்மா கிடக்கும். அவரும் மிதிப்பதில்லை, ஓரமாகச் சுற்றித்தான் போவார். துரைக்காவது புல்லில் உட்கார்ந்து டீ குடிக்கும் பாக்கியம் இருந்தது.

இதில் வேடிக்கை, லோங்காங் ஓரம் அருகம்புல் ஒன்று தானாக முளைத்துக் கிடந்தது. பிள்ளையாருக்காக மனைவி காப்பாற்றி வைத்த புல், மண்டோருக்கோ களை. மாதம் ஒருமுறை சாங்குல் எடுத்துக் கொத்துவார், அது மாதம் ஒருமுறை திரும்பி வரும். மார்ச் வெயிலில் கௌ கிராஸ் முழுக்கப் பழுப்பேறியபோது வீட்டில் பச்சை என்று மிஞ்சியது அது ஒன்றுதான். அடுத்த வீட்டு வாத்தியார் வேலிமேல் சாய்ந்துகொண்டு, "மண்டோரே, கோல்ஃப் மைதானத்துல காசு கொட்டி வளக்கிறானே பெர்முடா, அதுவும் இந்த அருகு ஜாதிதான்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார்.

மண்டோர் அரைநாள் யாரோடும் பேசவில்லை. மறுநாள் லோங்காங் ஓரத்தைச் சுற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது.

சங்கடஹர சதுர்த்தி அன்று மனைவி தட்டோடு போனார்.

"எத்தனை வேணும்?"

"இருபத்தொண்ணு, தெரியாதா?"

"பதினொண்ணு எடுத்துக்கோ. மழை வரட்டும்." பையிலிருந்து 555 நோட்டை எடுத்து எழுதினார்: 'பிள்ளையார், பாக்கி 10.'