குரூப்பில் பேர் இருக்கு, கதவு திறக்கலையே!

கேள்வி: கணக்குப் பிரிவு ஃபோல்டருக்கான குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டதாக அட்மின் சொல்கிறார். திரையிலும் காட்டினார். எனக்கோ இன்னும் ‘ஆக்சஸ் டினைடு’தான். யார் சொல்வது உண்மை?

பதில்: இருவர் சொல்வதும் உண்மை. காலையில் நீங்கள் லாக்-ஆன் செய்யும்போதே, எந்தெந்த குரூப்பில் இருக்கிறீர்கள் என்று ஆக்டிவ் டைரக்டரியில் விசாரித்து, விண்டோஸ் ஒரு சீட்டு எழுதி உங்கள் சட்டைப்பையில் வைத்துவிடுகிறது. அதன் பெயர் டோக்கன். மத்தியானம் சேர்த்த குரூப் காலையில் எழுதிய சீட்டில் எப்படி இருக்கும்? ஸ்கிரீனைப் பூட்டித் திறந்தால் போதாது. முழுசாக லாக்-ஆஃப் செய்துவிட்டு மறுபடி உள்ளே வாருங்கள். கெர்பரோஸ் டிக்கெட்டும் இப்படித்தான். யாரும் மாற்றி வைக்காவிட்டால் அதற்கு ஆயுள் 10 மணி நேரம்.

உள்ளே வந்ததும் கமாண்ட் பிராம்ப்டில் ‘ஹூஆம்ஐ /குரூப்ஸ்’ என்று அடித்துப் பாருங்கள். ‘நான் யார்?’ என்று ரமணர் விசாரிக்கச் சொன்ன அதே கேள்விதான். இங்கே பதில் ஒரே நொடியில் பட்டியலாக வந்துவிடும்! பட்டியலில் அந்த குரூப் இருந்தும் திறக்கவில்லை என்றால் கோளாறு ஃபோல்டர் பக்கம். பட்டியலிலேயே இல்லை, நீங்கள் கிளை அலுவலகத்தில் இருக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். தலைமை அலுவலக சர்வரில் செய்த மாற்றம் கிளை சர்வருக்கு வந்து சேர, வழக்கமான அமைப்பில் 180 நிமிடம் வரை ஆகும்.

கேள்வி: சர்வரிலேயே உட்கார்ந்து திறந்தால் ஃபைலில் எழுத முடிகிறது. என் மேஜையிலிருந்து படிக்க மட்டும்தான் முடிகிறது. அதே ஃபைல், அதே யூசர்!

பதில்: ஷேர் பர்மிஷன் வாசல் கதவு, என்டிஎஃப்எஸ் பர்மிஷன் அறைக் கதவு. நெட்வொர்க் வழியாக வருகிறவர் இரண்டையும் தாண்ட வேண்டும். எது இறுக்கமோ அதன் பேச்சுதான் எடுபடும். சர்வரில் உட்கார்ந்தவர் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறார், வாசல் கதவைத் தொடுவதே இல்லை. ஷேர் பக்கம் ‘ரீட்’ மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ‘எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்தால் எல்லாம் ஓடுகிறதே. அப்படியே விட்டால் என்ன?

பதில்: தயவுசெய்து வேண்டாம். சாவி தொலைந்ததற்குக் கதவையே கழற்றிப் போடலாமா? ஒரு ஊழியரின் கணினிக்குள் ரான்சம்வேர் புகுந்தால், அவரால் எழுத முடிகிற ஃபோல்டரையெல்லாம் அதுவும் பூட்டிவிடும். மற்றவர்களின் பல வருட உழைப்பு அவசரத்தில் தட்டிய அந்த ஒரு டிக்கில் போய்விடும். பத்து நிமிடம் கூட ஆனாலும் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஃபோல்டரின் அட்வான்ஸ்டு செக்யூரிட்டியில் ‘எஃபெக்டிவ் ஆக்சஸ்’ என்று ஒரு டேப் உண்டு. யூசர் பெயரைக் கொடுத்தால், அவருக்கு என்ன முடியும், என்ன முடியாது என்று அதுவே காட்டும்.

கேள்வி: வேலையை விட்டுப் போனவர் திரும்பி வந்தார். அழித்த அக்கவுண்டை அதே பெயரில் மறுபடி உருவாக்கினோம். பழைய ஃபோல்டர் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

பதில்: உங்களுக்கு அவர் பழைய நண்பர். ஆக்டிவ் டைரக்டரிக்கு முன்பின் தெரியாதவர். அது பெயரைப் பார்ப்பதில்லை, எஸ்ஐடி என்ற எண்ணைத்தான் பார்க்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றினாலும் எண் மாறாது, அனுமதி எதுவும் கெடாது. அழித்துவிட்டு உருவாக்கினால் எண்ணே புதிது. பழைய ஃபோல்டரின் செக்யூரிட்டி டேபில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று பெயரில்லாமல் நின்றால், அது அவருடைய பழைய அக்கவுண்டாகத்தான் இருக்கும். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 முதல் ரீசைக்கிள் பின் வசதி உண்டு. அழிப்பதற்கு முன்பே அதை இயக்கி வைத்திருந்தால் பழைய அக்கவுண்டை எண்ணோடு மீட்கலாம். இனிமேல் போகிறவரின் அக்கவுண்டை டிசேபிள் மட்டும் செய்யுங்கள். அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் குரூப்புக்குக் கொடுத்திருந்தால், புது அக்கவுண்டை அதில் சேர்த்ததோடு இந்தத் தலைவலி தீர்ந்திருக்கும்.

கேள்வி: ஒரு யூசரின் பாஸ்வேர்டை மாற்றும் அதிகாரத்தை ஹெல்ப்டெஸ்குக்குக் கொடுக்கிறேன். ஒரு மணி நேரத்தில் காணாமல் போகிறது. மூன்று முறை கொடுத்தாயிற்று!

பதில்: நான்காவது முறையும் போய்விடும். அந்த யூசர் ‘டொமைன் அட்மின்ஸ்’ போன்ற பாதுகாக்கப்பட்ட குரூப் ஒன்றில் இருக்கிறார். நேரடியாக இல்லாவிட்டால் குரூப்புக்குள் குரூப்பாகத் தேடுங்கள். அப்படிப்பட்டவர்களின் பர்மிஷன்களை டொமைன் கன்ட்ரோலர் 60 நிமிடத்துக்கு ஒரு முறை சரிபார்த்து, ‘அட்மின்எஸ்டிஹோல்டர்’ என்ற மாதிரிப்படியின்படி திருத்தி எழுதிவிடுகிறது. யாரும் குறுக்குவழியில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடக் கூடாது என்பதற்கான நல்ல காவல் அது. அவருக்கு அந்த குரூப் தேவையில்லை என்றால் வெளியே எடுங்கள். எடுத்த பிறகு ‘அட்மின்கவுன்ட்’ மதிப்பை நீக்கி, இன்ஹெரிட்டன்ஸையும் நீங்களே மறுபடி இயக்க வேண்டும். அது தானாகத் திரும்பாது.