அஞ்சறைப் பெட்டியில் அம்மாயிக்கு எந்த அறை?

பெறுநர்:
காப்புரிமை மற்றும் வணிகக்குறி அலுவலகத்தார்,
அலெக்சாண்ட்ரியா, வர்ஜீனியா, அமெரிக்கா.

ஐயன்மீர்,

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அம்மாயி செய்த குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

காலிங்கராயன் வாய்க்கால் படியில் வழுக்கி நான் முழங்காலைப் பேர்த்துக்கொண்டு வரும்போதெல்லாம், அம்மாயி அஞ்சறைப் பெட்டியைத் திறப்பார். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் காயத்தில் அப்பி, “ஒண்ணுமில்ல சாமி, ஓடு” என்று அனுப்பிவிடுவார். 1995 மார்ச்சில் நீங்கள் அதே காரியத்துக்கு 5,401,504 என்ற எண்ணில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தீர்கள். அதற்குப் பிறகும் அம்மாயி அப்பிக்கொண்டுதான் இருந்தார். உங்கள் காப்புரிமை உங்கள் எல்லை தாண்டிச் செல்லாது என்று வக்கீல் நண்பர் சொல்கிறார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

கண்டுபிடித்த இருவரும் இந்திய வம்சாவளியினராம். அவர்களுக்கும் ஆளுக்கொரு அம்மாயி இருந்திருப்பார். விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இல்லை போலும்.

காப்புரிமை வேண்டுமென்றால் சங்கதி புதிதாக இருக்க வேண்டும், அந்தத் துறைக்காரருக்குச் சட்டென்று தோன்றாததாக இருக்க வேண்டும், பயன்படவும் வேண்டும் என்கிறீர்கள். நியாயம். ஆனால் ‘புதிது’ என்பதற்கு அன்றைக்கு உங்கள் சட்டம் வைத்திருந்த அளவுகோல் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அமெரிக்காவுக்குள் நாலு பேர் செய்துவந்தாலே அது பழையது. வெளிநாட்டில் என்றால், ஊரே செய்தாலும் போதாது. அச்சில் ஏறியிருக்க வேண்டும். அம்மாயி மிசிசிப்பியில் குடியிருந்திருந்தால் அவர் கையே சாட்சி. ஈரோட்டில் இருந்த பாவத்துக்குக் கை செல்லாது, காகிதம் வேண்டும்.

காகிதமும் வந்தது. டெல்லியிலிருந்து எங்கள் அரசின் ஆராய்ச்சிக் குழுமமான சி.எஸ்.ஐ.ஆர். 1996-இல் மறுஆய்வு கேட்டது. சமஸ்கிருதம், உருது, இந்தி என்று தேடி 32 சான்றுகளை அடுக்கியது. இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-இல் வந்த கட்டுரையும் அதில் ஒன்று. 1997 ஆகஸ்டில் நீங்கள் அந்த உரிமைகோரல்களை நிராகரித்தீர்கள். அளவுகோலையும் 2013 முதல் மாற்றிக்கொண்டீர்கள். அம்மாயி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். நன்றியை நானே சொல்லிவிடுகிறேன்.

இப்போது என் மனு. உங்கள் சட்டமும் ஓர் அஞ்சறைப் பெட்டிதான். இதில் அம்மாயியை எந்த அறையில் வைப்பது?

காப்புரிமை அறை சாத்தியாகிவிட்டது. ரகசியத்தை ஊருக்குச் சொன்னால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் உனக்கே, பிறகு எல்லோருக்கும் என்பது அந்த அறையின் பேரம். அம்மாயி முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பேரம் தெரியாதவர்.

பதிப்புரிமை? அது உங்கள் இலாகா இல்லை, காங்கிரஸ் நூலகத்தில் கேட்க வேண்டும் என்று தெரியும். எழுதியவர் ஆயுளும் அதற்குமேல் 70 வருடமும் உங்கள் ஊரில். எங்கள் ஊரில் 60. ஆனால் அது எழுதிய விதத்துக்குத்தான் காவல், எழுதிய விஷயத்துக்கு அல்ல. அம்மாயி கைநாட்டு.

வணிகக்குறி கொஞ்சம் ஆசை காட்டுகிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டி, கடையிலும் பயன்படுத்தி வந்தால் சாவே இல்லாத அறை அது. மஞ்சள் நிறத்தையே பதிந்துவிடலாமா என்று பார்த்தேன். சீரியோஸ் டப்பாவின் மஞ்சளைக் கேட்டு வந்த ஜெனரல் மில்ஸையே 2017-இல் உங்கள் தீர்ப்பாயம் திருப்பி அனுப்பிவிட்டதாமே! மற்ற தானியப் பெட்டிகளும் மஞ்சளாக இருக்கின்றன, இந்த நிறத்தைக் கண்டதும் ஒரே கம்பெனி நினைவுக்கு வராது என்றதாம். எங்கள் வீட்டு வாசற்படியை யாரோ அவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

தொழில் ரகசியம் என்ற அறையில் அம்மாயி உண்மையிலேயே குடியிருந்தார். மஞ்சளால் அல்ல, ரசப்பொடியால். கோகோ கோலாக்காரர்களைப் போல யாருக்கும் சொல்லவில்லை. இந்த அறைக்குப் பதிவும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. கட்டிக் காக்கிற வரைக்கும் சொத்து. ஆனால் ஒருவர் திருடாமல், தானாக முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டால் சட்டம் கைவிரித்துவிடும். எங்கள் அத்தை மருமகளாக வந்த மூன்றாம் மாதமே முகர்ந்துவிட்டார். கொத்தமல்லியோடு ஒரு பிடி துவரம்பருப்பு, அவ்வளவுதான். மாமியார் மருமகள் வழக்கு எதுவும் பதிவாகவில்லை.

கடைசியாகப் புவிசார் குறியீடு. 2019-இல் ஈரோடு மஞ்சளுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். பதிவகம் சென்னை கிண்டியில்தான். உங்களிடம் இதற்குத் தனி அறை இல்லை; ஐடஹோ உருளைக்கிழங்கைச் சான்றுக்குறி என்று வணிகக்குறி அறையிலேயே ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். எங்கள் மண்ணின் பெயரை வேறு ஊர் மஞ்சளுக்கு ஒட்டி விற்க முடியாது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இந்த அறை பெயரைத்தான் காக்கிறது. அந்த மஞ்சளை வைத்து என்ன செய்யலாம் என்று தெரிந்திருந்த கையைப் பற்றி அதற்கும் அக்கறை இல்லை.

தக்க அறையைத் தெரிவித்தால் கட்டணத்துடன் வருகிறேன்.

கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறேன். எங்கள் வழக்கம் அது, ஆய்வகத்துக்கு அனுப்பிவிட வேண்டாம். கோப்புகளைப் புரட்டுகிற அவசரத்தில் உங்களில் யாருக்காவது காகிதம் விரலைக் கீறினால், அந்த மூலையில் ஒருமுறை தேய்த்துக்கொள்ளுங்கள். உரிமத்தொகை வேண்டாம்.

இப்படிக்கு,
அம்மாயியின் பேரன்,
ஈரோடு.