வெள்ளைக் கோட்டு விசாரணை

பாத வைத்தியத்துக்கென்றே அமெரிக்காவில் தனிக் கல்லூரிகள் உண்டு, நான்காண்டுப் படிப்பு. ஆத்தூர்ப் பிள்ளைகளுக்கு அதற்குக் கிட்டத்தில் இருப்பது பிசியோதெரபிதான். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், பஸ் ஸ்டாண்டில் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் தொங்கவிட்டு நிற்கும் பிசியோதெரபி சீனியர் பிள்ளைகளை அப்பாமார் மடக்குகிறார்கள்.

"காலேஜ் எப்படி கண்ணு?"

"சாம்பார் தண்ணியா இருக்குங்க மாமா."

"வேன் நம்மூருக்கு வருமா?"

"நரசிங்கபுரம் வரைக்கும் வருங்க."

தீர்ந்தது, அட்மிஷன்! நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களை விட்டால், எந்தக் கல்லூரியில் படித்தாலும் பெரும்பாலும் பட்டம் தருவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான். வித்தியாசம் கல்லூரி ஆஸ்பத்திரியின் கட்டிலில் இருக்கிறது: அதில் நோயாளி படுத்திருக்கிறாரா, தூசி படுத்திருக்கிறதா? அதை ஒருவரும் கேட்பதில்லை. இந்த வருடமாவது கேளுங்கள். அப்படியே, ஆள் சேர்த்துவிட்டால் சீனியருக்குக் கமிஷன் உண்டா என்றும் விசாரித்துவிடுங்கள்.